ஒரு தாள் இடைவெளி

துடைப்பங்களையும், கிறிஸ்துமஸ் மரத்தை நட்டுவைக்கும் இரும்புத் தொட்டியையும், யாரும் எடுத்து விளையாடாத புல்வெளி ஆட்டத்தின் மரச்சுத்தியல்களையும் வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியின் உள்மூலையில், முன்பக்கப் பலகையை ஒட்டியபடி, தரையிலிருந்து கற்படியின் அடிவயிறு வரைக்கும் ஒரு மரக்கட்டை நின்றுகொண்டிருந்தது. ஆள் தொடைப் பருமன். உச்சியில் ஒரு தட்டைப் பலகை, அதற்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஆப்பு. வெள்ளையடிக்க வந்தவர்கள் அதையும் சுவரோடு சேர்த்துக் கணக்கு வைத்து, ஒவ்வொரு முறையும் அதன் மேலும் ஒரு பூச்சு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் யார் கண்ணுக்கும் அது கட்டையாகத் தெரியவில்லை. டெரிக் டார்ச்சை மேலும் கீழும் ஓட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"ஏவிஸ், இது முட்டு" என்றான்.

"எனக்கும் கண்ணு இருக்கு" என்றேன்.

விதர்ஸ்லி மாளிகையின் நடுக்கூடத்தில் நிற்பதுதான் என் வேலை. சம்பளமில்லாத வேலை. வசந்தம் தொடங்கி இலையுதிரும் வரை, புதனும் சனியும், கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கு அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்வேன். மற்ற அறைகளில் நிற்பவர்கள் ஓவியம், கட்டில், பீங்கான் என்று கையில் வைத்திருக்கும் குறிப்பைப் பார்த்து ஒப்பிப்பார்கள். எனக்குக் குறிப்பு தேவையில்லை. "மேல பாருங்க" என்பேன். பார்ப்பார்கள். வட்டமான கூடம், உச்சியில் கண்ணாடிக் குவிமாடம், அதிலிருந்து இறங்கும் பால் வெளிச்சம், சுவரைச் சுற்றிச் சுற்றி ஏறும் கற்படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு முனை மட்டும்தான் சுவருக்குள். அதுவும் ஒரு கையகலம்தான். மறுமுனை அந்தரத்தில். கீழே தூண் இல்லை, உத்தரம் இல்லை, வளைவு இல்லை. ஒரு படி தனக்குக் கீழே இருக்கும் படியின் விளிம்பில் லேசாக உட்கார்ந்திருக்கும். அது அதற்குக் கீழே இருப்பதன் மேல். கடைசிப் படி தரையில். அவ்வளவுதான். இதையெல்லாம் சொல்லி முடித்து, "இத எதுவும் தாங்கல. இது தன்னைத்தானே தாங்கிக்குது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதற்குப் பிறகு ஒரு மௌனம் வரும் பாருங்கள், பேராசிரியரானாலும் பள்ளிக்கூடப் பிள்ளையானாலும் கழுத்தை அண்ணாந்து நிற்கும் அந்த மௌனம், அதற்காகத்தான் நான் மழையானாலும் பனியானாலும் போய் நிற்கிறேன்.

யாராவது ஒரு குசும்பன் கேட்பான், "அப்ப அந்த அலமாரி?" என்று. முதல் வரிசைப் படிகளுக்கு அடியில், பலகை அடித்து மறைத்த ஒரு சின்ன அறை. "அது துடைப்பம் வைக்கிற இடம் ஐயா. பலகைய விரலால தட்டிப் பாருங்க, அட்டை மாதிரி இருக்கும். உங்க வீட்டுப் பூனையக்கூட அது தாங்காது" என்பேன். சிரிப்பார்கள். என்னுடைய துண்டறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அந்தத் துண்டறிக்கை நான் எழுதியது. கீழே சின்ன எழுத்தில் ஏவிஸ் ஹாலம் என்று என் பெயர் இருக்கும்.

பெருமை என்று சொன்னால் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் இருந்தது, மூடிவிட்டார்கள். நான் வேலை பார்த்த காலுறை ஆலை இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். இப்போது வெளியூர்க்காரர்கள் விதர்ஸ்லிக்கு வருவதென்றால் ஒன்று வழி தப்பி வருகிறார்கள், இல்லை இந்தப் படிக்கட்டைப் பார்க்க வருகிறார்கள். பிரபு குடும்பம் போய்விட்டது, மாளிகை ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அவர்கள் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. படிக்கட்டு இருக்கிறதே, போதும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. அலமாரிக்கு மேலே உள்ள படிகளில் ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். படிக்கட்டு தாங்கும் என்று நிரூபியுங்கள், இல்லையென்றால் அடியில் இரண்டு இரும்புத் தூண் நிறுத்துங்கள், அதுவரை யாரும் மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பாடகர் குழு அந்தப் படிகளில் வரிசையாக நின்று பாடுவது வழக்கம். அதுவும் நின்றுபோனது. மாளிகை மேலாளர் ஹ்யூகோ நல்ல பையன், பளபளவென்று காலணி போட்டிருப்பான். கணினியில் படம் வரைந்து காட்டினான். "தூணுக்குச் சாம்பல் நிறம் அடிச்சிடலாம் மிஸஸ் ஹாலம். கண்ணுக்கே தெரியாது." அந்தக் கூடத்தில் ஒரு ஊசி விழுந்து கிடந்தாலே தெரியும். இரண்டு தூண் தெரியாதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஷெஃபீல்டிலிருந்து மிஸ் ஆஷ்வர்த் என்று ஒரு பொறியாளர் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. சின்னப் பெண், தலைமுடியைப் பென்சிலால் சுருட்டிச் செருகியிருப்பாள். மணல் மூட்டைகள் வேண்டாம், படிக்கட்டு மனிதர்களுக்காகக் கட்டியது, மனிதர்களையே ஏற்றிச் சோதிப்போம் என்றாள். "உங்க பாடகர் குழு இருக்குல்ல, அவங்க வருவாங்களா?" வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. மேல் வரிசைகளுக்குக் கீழே சாரம் கட்டினார்கள். படியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும் சாரம், எதற்கும் இருக்கட்டும் என்று. கீழ் வரிசையை அடியிலிருந்து அளக்க வேண்டும், அலமாரியைக் காலி செய்து கொடுங்கள் என்றாள். அதற்காகத்தான் நானும் டெரிக்கும் உள்ளே குனிந்தோம்.

டெரிக் மாளிகையின் கைவேலைகளைப் பார்த்துக்கொள்கிறவன். அதற்கு முன்னால் சுரங்கம் மூடும் வரை சுரங்கத்தில் இருந்தவன். அவனும் நானும் என் வீட்டுக்காரன் ஆல்வினும் ஒரே பள்ளிக்கூடம். அவன் சுத்தியலை எடுத்து அந்தக் கட்டையின் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தான்.

"கேட்டியா? டங்குனு சொல்லுது. தொளதொளன்னு இருந்தா சத்தம் வேற மாதிரி வரும். இது சுமை வாங்கிட்டு நிக்குது ஏவிஸ்."

"நல்லாக் கேட்டியா?"

"குழியில என் தலைக்கு மேல இருந்த மலையையே இந்தச் சத்தத்த வச்சுத்தான் நம்பினேன். எனக்குத் தெரியாதா?" அடியில் வெள்ளையைச் சுரண்டினான். ராணுவச் சரக்குகளில் குத்தும் அம்புக்குறி தெரிந்தது. "பாரு. சண்டைக் காலத்துல இங்க ஆஸ்பத்திரி வச்சிருந்தாங்கல்ல. இரும்புக் கட்டிலும் ஆளுமா மேல தூக்கிட்டுப் போயிருப்பாங்க. எவனோ பயந்துபோய் நட்டு வச்சிட்டான். அதுக்கப்புறம் எடுக்க மறந்துட்டான்."

கவிழ்த்து வைத்திருந்த இரும்புத் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அந்த நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இது நின்றுகொண்டு இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டெரிக் குரலைத் தாழ்த்தினான். கூடத்தில் எங்களைத் தவிர ஆளே இல்லை, இருந்தும் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணலாம். இந்த மூலைய மறைச்சு உள்பக்கமா ஒரு பலகை அடிச்சிடறேன். அந்தப் பொண்ணு அளக்க வேண்டியத அளந்துக்கட்டும். வெள்ளிக்கிழமை பாட்டுக் குழுவா நாங்க எல்லாரும் ஏறி நிப்போம். படி அசையாது. எப்படி அசையும்? கீழ ஒருத்தன் நிக்கிறானே! இரும்புத் தூண் வராது. உன் படிக்கட்டு உனக்கு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு போதும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆல்வினுக்கு அன்றைக்கு மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்டு வைத்திருந்தேன். பாதி சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். அவன் குழம்பை ரொட்டியால் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப இத்தனை வருஷமா வாய் கூசாம ஊரையே ஏமாத்தியிருக்க" என்றான்.

"தெரிஞ்சா சொன்னேன்?"

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

தட்டை அவன் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டேன். "இன்னும் முடிக்கலடி" என்று திரும்ப இழுத்துக்கொண்டான். ஆல்வின் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். குரலுக்கேற்ற வயிறு. விரிசல் விட்ட படிதான் குழுவில் அவன் வழக்கமாக நிற்கும் இடம். விரிசலுக்கே அவன்தான் காரணம் என்று மதுக்கடையில் ஒரு பேச்சு இருக்கிறது. "உண்மையைச் சொல்லவா? வெள்ளிக்கிழமை நான் அங்க நிக்கப் போறவன். அடியில ஒரு கட்டை இருக்குன்னா எனக்கு நிம்மதிதான்" என்றான்.

"அப்ப டெரிக் சொல்றதச் செய்யலாங்கறியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. செஞ்சா அடுத்த வருஷம் நீ அங்க போய் நின்னு என்ன சொல்லுவ?"

அதுதான் கேள்வி. பாத்திரம் கழுவும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். இதை எதுவும் தாங்கவில்லை, இது தன்னைத்தானே... வார்த்தை எல்லாம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நிற்க வேண்டுமே, அந்த இடத்தில் என்னால் நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டது. கண் தானாக அலமாரிப் பக்கம் போய்விடும். தெரியாமல் பொய் சொல்கிறவளுக்குத் தலை நிமிர்ந்திருக்கும். தெரிந்து சொன்னால் நான் குறிப்பட்டையைப் பார்த்து ஒப்பிக்கிறவர்களைவிடக் கேவலம். இரும்புத் தூண் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதன் பக்கத்தில் நின்று இது இரும்புத் தூண் என்று உண்மையைச் சொல்வேன் என்று நினைத்தேன். நினைத்த உடனே அழுகை வந்தது. ஆல்வின் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்து எனக்கு மரியாதை செய்தான்.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து கிடந்தது. நெடிய மர வரிசை முடிகிற இடத்தில் மாளிகையின் முகப்பு தெரியும். இந்தப் பக்கம் எத்தனை சன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை, இந்தப் பக்கம் ஒரு புகைபோக்கி என்றால் அந்தப் பக்கமும் ஒன்று. பட்டாளத்துக்காரன் போல விறைப்பாக நிற்கும். அன்றைக்கு அதைப் பார்த்தபோது, உள்ளுக்குள் எங்கெங்கே என்னென்ன கட்டையை மறைத்து வைத்திருக்கிறாயோ என்று கேட்கத் தோன்றியது.

கூடத்தில் மிஸ் ஆஷ்வர்த் அளவுக் கருவிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னக் கடிகாரங்கள் மாதிரி இருக்கும். படி ஒரு மயிரளவு இறங்கினாலும் முள் காட்டும். ஹ்யூகோ தேநீரோடு நின்றிருந்தான். டெரிக் ஒரு பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி அலமாரி வாசலில் காத்திருந்தான். நான் வணக்கம்கூடச் சொல்லாமல், "உள்ள ஒரு முட்டு இருக்கு. நேத்துதான் பாத்தோம்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

டெரிக் பலகையை மெதுவாகக் கீழே வைத்தான்.

ஹ்யூகோவின் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "அப்பாடா! முன்னாடியே ஒரு தூண் இருந்திருக்கா? அப்ப இன்னும் ரெண்டு வச்சா என்ன தப்பு? யாரும் குறை சொல்ல மாட்டாங்களே."

மிஸ் ஆஷ்வர்த் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அலமாரிக்குள் மல்லாந்து படுத்து ஊர்ந்து போனாள். எங்களுக்கு அவள் காலணி மட்டும்தான் தெரிந்தது. கத்தியால் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. காய்ந்துபோன சுண்ணாம்பு கட்டி கட்டியாக விழுந்தது. ஒருமுறை தும்மினாள்.

"டெரிக், இத நீங்க தட்டிப் பாத்தீங்களா?" உள்ளிருந்து குரல் வந்தது.

"பாத்தேன். நல்லா இறுக்கமா நிக்குது மிஸ். சுமை வாங்கியிருக்கு."

"இறுக்கமாத்தான் இருந்துச்சு. சுண்ணாம்பு. ஆப்புக்கும் கல்லுக்கும் நடுவுல பூச்சு மேல பூச்சா போய் அடைச்சிருக்கு. அதச் சுரண்டிட்டேன். இப்ப என்கிட்ட இருக்கிற மெல்லிசுத் தகடு உள்ள போகுது. இந்தப் பக்கம் விட்டா அந்தப் பக்கம் வருது."

"வாய்ப்பே இல்ல" என்றான் டெரிக். அவன் காது சிவந்துவிட்டது. "நட்ட முட்டு சுமை வாங்காம இருக்குமா? குழியில நாங்க ஒண்ணு நட்டா மறுநாளே மேல இருக்கறது இறங்கி அதுமேல உக்காந்துரும். எப்பவும் அப்படித்தான்."

"குழியில மேல இருக்கறது இறங்கும் டெரிக்" என்றாள் அவள். "இங்க இறங்கலையோ என்னவோ."

அந்த வார்த்தை எனக்குள் எங்கோ போய் விழுந்தது. டெரிக்கைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அவன் சொன்னதைத்தான் சொல்வார்கள். மேலே இருப்பது எப்போதும் இறங்கும் என்று நம்பியே வளர்ந்தவர்கள் நாங்கள்.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலையெல்லாம் வெள்ளை. "ஆனா டெரிக் சொல்றதும் சரியா இருக்கலாம். இப்ப படி காலியா இருக்கு, அதனால தொடல. இத்தனை பேர் ஏறினா படி கொஞ்சம் கீழ வந்து இந்தக் கட்டை மேல உக்காரும்னா, அப்ப அதுக்கு இது தேவைன்னு அர்த்தம். நான் தூண் வேணும்னுதான் எழுதிக் கொடுக்கணும். உக்காரலைன்னா..." தோளைக் குலுக்கினாள். "கட்டைய எடுக்க வேணாம், அப்படியே இருக்கட்டும். அதுக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு காகிதத்த வைப்போம். எல்லாரும் மேல நிக்கிறப்ப ஒருத்தர் கீழ இருந்து இழுத்துப் பாக்கணும். வந்தா வந்துச்சு. மாட்டிக்கிச்சுன்னா மாட்டிக்கிச்சு."

"நான் இழுக்கறேன்" என்றேன்.

"கீழ ஆள் இருக்கறது..." என்று ஹ்யூகோ ஆரம்பித்தான்.

"இருக்கலாம். கட்டை இருக்குல்ல, என்ன ஆனாலும் அவங்கள அது காப்பாத்தும்" என்றாள் மிஸ் ஆஷ்வர்த். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழு வந்து சேர்ந்தது. எல்லாருடைய எடையும் தெரிய வேண்டும் என்றதும் பெண்கள் பக்கம் ஒரே கலவரம். பண்ணையிலிருந்து உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசு வந்திருந்தது. கூடத்தில் வைத்து நிறுப்பதா, அதுவும் ஆல்வின் எதிரிலா என்று ஒருத்தியும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் தராசைப் பாத்திர அறைக்குள் தூக்கிக்கொண்டு போய், திரை கட்டி, மிஸ் ஆஷ்வர்த் மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆல்வின் ஒளிவுமறைவில்லாமல் எல்லார் முன்னாலும் ஏறினான். தராசு முள் போய் அந்தக் கோடியில் முட்டி நின்றது. "தராசு சரியில்ல" என்றான். "நேத்து உருளைக்கிழங்குக்கெல்லாம் சரியாத்தானடா இருந்துச்சு" என்றான் டெரிக்.

டெரிக் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நான் அலமாரிக்குள் குனியும்போது மட்டும் பக்கத்தில் வந்தான். "நான் ஆல்வின் பக்கத்துலயே நிக்கப் போறேன். அதே படியில, ஓரமா. அப்பத் தெரியும் யாருக்குக் காது சரியில்லன்னு."

"நில்லு. நல்லா அழுத்தி நில்லு" என்றேன்.

உள்ளே மெழுகு வாசனையும் பழைய ஈரத் துணி வாசனையும் அடித்தது. கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்து டார்ச்சை மடியில் வைத்துக்கொண்டேன். காகிதம் என்றதும் என்னிடம் இருந்தது என் துண்டறிக்கைதான். அதை நீளவாக்கில் கிழித்து, ஆப்புக்கும் கல்லுக்கும் நடுவே மிஸ் ஆஷ்வர்த்தே செருகிக் கொடுத்திருந்தாள். என் பெயர் எழுதியிருந்த பக்கம் வெளியே தொங்கியது. வெறும் ஒரு தாள் இடைவெளி. இதற்காகவா இரண்டு நாளாகத் தூங்காமல் கிடந்தோம் என்றிருந்தது.

"மேல இருந்து ஒவ்வொருத்தரா நிரப்புங்க. கைப்பிடி ஓரமா நில்லுங்க, சுவர்ப் பக்கம் சாயாதீங்க" என்று அவள் குரல் கூடத்தில் சுற்றி வந்தது. காலடிகள் என் தலைக்கு மேலாக ஏறிப் போயின. மெலிந்த காலடி, தடித்த காலடி, நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போகும் காலடி. பலரை நடையை வைத்தே யார் என்று சொல்லிவிட முடிந்தது. கடைசியாக, அவசரமில்லாமல், இரண்டு பேர் வந்து சரியாக என் உச்சிக்கு மேல் நின்றார்கள். ஒருவன் தொண்டையைச் செருமினான். நாற்பது வருடத்துக்கு மேலாக நான் காலையில் கேட்டு எழுந்திருக்கும் செருமல் அது.

அங்கே உட்கார்ந்தபடி அந்தக் கட்டையைப் பார்த்தேன். கண்ட அன்றைக்கு அதன் மேல் வந்த கோபம் இப்போது அவ்வளவாக இல்லை. எவனோ ஒரு சிப்பாய். மேலே வலியில் முனகும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கீழே இவன் நிற்கிறான், அண்ணாந்து பார்க்கிறான், ஒன்றுமே தாங்கவில்லை என்று தெரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது. ஓடிப் போய் ஒரு கட்டையைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான். நல்லதைத்தான் நினைத்திருக்கிறான். அவன் மட்டும் என்ன, நான் கூட்டிவந்து காட்டிய எல்லாரும் உள்ளுக்குள் கொஞ்சம் பயந்துகொண்டேதானே அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? நானும்தான்.

"இப்ப எல்லாரும் நின்ன இடத்துலயே கால மாத்தி மாத்தி வைங்க. அணிவகுப்பு மாதிரி."

இடி விழுந்தது போலிருந்தது. கல் முழுக்க அதிர்ந்தது. மேலிருந்து சுண்ணாம்புத் தூள் என் மூக்கின் மேலும் கண்ணிமையிலும் கொட்டியது. டார்ச் மடியிலிருந்து நழுவி எங்கோ உருண்டது. கட்டையின் மேல் ஒரு கையை வைத்தேன். மரம் பேசும் என்று சுரங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். சுமை கூடினால் முதலில் முனகும், அதைக் கேட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்பார்கள். நான் காத்திருந்தேன். அது பேசவில்லை. அல்லது மேலே போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

"போதும். நில்லுங்க. அசையாதீங்க. முள்ளப் பாக்கணும்." வெகுநேரமாக அவள் ஒவ்வொரு கருவியாகக் குனிந்து பார்க்கிறாள் போல. யாரோ பொறுமையில்லாமல் சுருதி பிடிக்க, இன்னொருவர் சேர்ந்துகொள்ள, எங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று தானாகக் கிளம்பிவிட்டது. அசையாதீர்கள் என்றுதானே சொன்னாள், பாடாதீர்கள் என்று சொல்லவில்லையே. கூடத்தில் அந்தப் பாட்டை இனிக் கேட்கவே போவதில்லை என்றிருந்தேன். நான் எப்போதும் கூடத்தின் நடுவில் நின்று, முகங்களைப் பார்த்தபடிதான் கேட்டிருக்கிறேன். கல்லுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டதில்லை. ஆல்வினின் அடிக்குரல் அவன் வாயிலிருந்து வருவதாகவே இல்லை. அவன் காலணி வழியாகக் கல்லுக்குள் இறங்கி, கல்லிலிருந்து என் தலைக்கவசத்துக்குள் வந்தது.

"ஏவிஸ்! இழுங்க!"

காகிதத்தின் நுனியைப் பிடித்தேன். விரல் வியர்த்திருந்தது, பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். மாட்டிக்கொண்டால் கிழிந்து பாதி கையில் வரும். கிழியும் சத்தத்தை இப்போதே காதில் கேட்டுவிட்டேன். சரி, கிழிந்தால் கிழியட்டும், நானே போய் உரக்கச் சொல்வேன் என்று கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

வந்துவிட்டது.

மேசையில் கிடக்கும் காகிதத்தை எடுப்பது போல, ஒரு தடையும் இல்லாமல் வந்துவிட்டது. நான் இழுத்த வேகத்தில் முழங்கை பின்னால் பலகையில் போய் இடித்தது. கீழே தடவி டார்ச்சை எடுத்து அடித்துப் பார்த்தேன். கிழிசல் இல்லை, மடிப்புகூட இல்லை. சுண்ணாம்பு மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. ஊரே மேலே நிற்கிறது. ஆல்வின் நிற்கிறான். டெரிக் ஓரத்தில் அழுத்தி நிற்கிறான். அந்தப் படி இந்தக் கட்டையின் மேல் தன் பாரத்தில் ஒரு துளியைக்கூட வைக்கவில்லை. சண்டைக் காலத்தில் கட்டிலும் ஆளுமாக ஏறிப் போன அன்றைக்கும் வைத்திருக்காது.

நம்ப முடியாமல், எழுந்து நின்று, காகிதத்தை மறுபடி அந்த இடுக்கில் செருகினேன். உள்ளே போனது. இழுத்தேன். வெளியே வந்தது.

"ஏவிஸ்? என்ன ஆச்சு? வந்துச்சா?" மிஸ் ஆஷ்வர்த் கூப்பிட்டாள். மேல் வரிசை முட்களில் என்ன கண்டாளோ, குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏய், உசுரோட இருக்கியாடி?" பாட்டுக்கு நடுவில் ஆல்வின். அவன் பக்கத்தில் டெரிக் ஏதோ கேட்டான். என்ன கேட்டான் என்பது கல்லைத் தாண்டி வரவில்லை.

சொல்கிறேன், சொல்லாமல் என்ன. இன்னும் கொஞ்ச நேரம். மேலே எல்லாரும் அடுத்த அடியை எடுத்துப் பாடத் தொடங்கியிருந்தார்கள். நான் என் பெயர் எழுதிய அந்தக் காகிதத்தைக் கல்லுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தேன்.